கழிவுநீரின் மறுபயணம்



நாம் குளித்த நீரும் பாத்திரம் துலக்கிய நீரும் வடிகாலில் இறங்கியதும் அவற்றை மறந்துவிடுகிறோம். வட சென்னையில் அந்நீர் சென்று சேரும் இடங்களுள் ஒன்று கொடுங்கையூர். நான் பணியாற்றிய திருவொற்றியூர்ப் பள்ளியின் மாணவர் சிலருடன் அங்குள்ள சுத்திகரிப்பு நிலையத்தை ஒருமுறை காணச் சென்றேன். அன்று நாங்கள் அறிந்ததை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

வந்து சேரும் கழிவுநீர் முதலில் இரும்புக் கம்பிச் சட்டங்களின் ஊடே செல்கிறது. துணி, பிளாஸ்டிக் முதலியன அங்கே தடுக்கப்படுகின்றன. அடுத்து மணல் அடியில் தங்குகிறது. பின்னர்ப் பெரிய தொட்டிகளில் கசடு படிகிறது. அதன்பின் நீருக்குள் காற்றைச் செலுத்துகிறார்கள். ஏன்? நீரில் கரைந்துள்ள அழுக்கை உண்டு வாழும் நுண்ணுயிர்களுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர்களே அங்குள்ள தலையாய தொழிலாளிகள்! படிந்த கசட்டைக் காற்றுப் புகாத கலன்களில் அடைத்துவைத்தால் எரிவாயு பிறக்கும். அதைக்கொண்டு மின்சாரமும் ஆக்கலாம்.

இவ்வளவுக்குப் பின்னும் நீரில் உப்பு எஞ்சி நிற்கும். உலர்ந்த திராட்சையை நீரில் இட்டால் அது உப்பிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். நீர் தோலைக் கடந்து, கரைபொருள் மிகுந்த பக்கம் செல்கிறது. இதுவே சவ்வூடு பரவல். உப்பு நீரின் மீது மிகுந்த அழுத்தம் கொடுத்தால், நீர் மட்டும் மெல்லிய சவ்வைக் கடந்து எதிர்த்திசையில் வெளிவரும், உப்பு பின்தங்கும். இதனை எதிர்ச் சவ்வூடு பரவல் என்பர்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. குடங்கள் வரிசையில் காத்துக் கிடந்தன. அதே ஆண்டில்தான் கொடுங்கையூரில், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரை இம்முறையில் தூய்மையாக்கும் நிலையத்தைச் சென்னைக் குடிநீர் வாரியம் தொடங்கியது. அந்நீர் குழாய் வழியே மணலி, எண்ணூர் வட்டாரத் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. மணலியின் எண்ணெய் ஆலையும் உர ஆலையும் 1990-களின் தொடக்கத்திலேயே நகரின் கழிவுநீரைப் பெற்றுத் தூய்மையாக்கிப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன என்பதும் நினைவுகூரத் தக்கது.

ஒரு சிறு கணக்கு. நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் வகுக்கப்பட்ட அளவு. அவ்வாறாயின் 4.5 கோடி லிட்டர் என்பது ஏறத்தாழ 3 லட்சத்து 33 ஆயிரம் பேருக்கான நீர். கொதிகலனுக்கும் குளிர்விக்கும் கோபுரத்திற்கும் ஏரி நீர் எதற்கு? ஆலை அருந்தாத ஒவ்வொரு குடம் நன்னீரும் ஒரு வீட்டின் குடிநீர் அன்றோ? ஆப்பிரிக்காவின் விண்டுஹுக் நகரமோ 1968 முதல் இத்தகைய நீரைக் குடிநீராகவே மாற்றி வழங்கி வருகிறது.

திரும்பும் வேளையில், கம்பிச் சட்டத்தில் சிக்கியிருந்த குப்பையில் ஒரு பள்ளிக் குறிப்பேட்டின் பிளாஸ்டிக் உறையைக் கண்டோம். மாணவர்கள் வாயடைத்து நின்றனர். அது அங்கு வந்து சேர்ந்தது. வந்து சேராதவை வழியிலேயே குழாயை அடைக்கும். அடைப்பை நீக்க உள்ளே இறங்கும் மனிதனை நச்சுக்காற்று நொடியில் வீழ்த்திவிடும். பாதுகாப்பின்றி மனிதரை இவ்வாறு இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆயினும் அதன் பின்னரும் நாட்டில் பல உயிர்கள் பலியாகியுள்ளன.

மாணவர்களே, சுத்திகரிப்பு நிலையம் கொடுங்கையூரில் தொடங்குவதில்லை. நம் வீட்டு அங்கணத்தில் தொடங்குகிறது. எண்ணெயையும் துணியையும் பிளாஸ்டிக்கையும் வடிகாலில் இடாதீர்கள். நீர் மிச்சமாகும், அதனினும் மேலாக, முகமறியாத ஒருவரின் உயிர் காக்கப்படும்.