சென்னை – ஜித்தா: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?



உம்ராவுக்குப் புறப்படும் குடும்பத்தார் நம்மிடம் முதலில் கேட்பது, "ஜித்தா போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும்?" என்பதுதான். இதைச் சரியாகத் தெரிந்துகொண்டால் இஹ்ராமும் தவறாது, உடலும் தாங்கும்.

சென்னையிலிருந்து ஜித்தா வான்வழியில் சுமார் 4,450 கி.மீ. நேரடி விமானம் ஐந்தரை முதல் ஆறு மணி நேரத்தில் சேர்ந்துவிடும். துபாயில் மாறிச் சென்றால் சென்னை–துபாய் சுமார் 2,900 கி.மீ., துபாய்–ஜித்தா சுமார் 1,700 கி.மீ. ஆக, தூரம் பெரிதாகக் கூடுவதில்லை. காத்திருக்கும் நேரம்தான் கூடுகிறது. கட்டணம் குறைவு என்று டிக்கெட் எடுக்கும் முன், நடுவில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்று பாருங்கள். வயதானவர்கள் உடன் வந்தால் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சவூதி நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்தங்கியது. சென்னையில் காலை 10 மணிக்குக் கிளம்பி ஆறு மணி நேரம் பறந்து இறங்கினால், அங்கே பகல் 1.30 மணிதான். மூன்றரை மணி நேரப் பயணம் என்று எண்ணிச் சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ தள்ளிப் போட்டுவிடாதீர்கள். மருந்து வேளையை மருத்துவரிடம் முன்பே கேட்டு, மருந்தைக் கைப்பையிலேயே வையுங்கள்.

இனி முக்கியமான விஷயம், மீகாத். நம் பக்கத்திலிருந்து செல்லும் விமானங்கள் பெரும்பாலும் தாயிஃப் அருகிலுள்ள கர்னுல் மனாஸில் எல்லையை ஒட்டிக் கடக்கும். விமானம் நிமிடத்துக்குச் சுமார் 14 கி.மீ. போகும், அறிவிப்பு வந்த பிறகு துணி மாற்ற நேரம் இருக்காது. இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் அதுவும் கைக்கு வராது. இஹ்ராமின்றி மீகாத்தைக் கடந்தவர் திரும்பிச் சென்று இஹ்ராம் கட்ட வேண்டும். இல்லையேல் பரிகாரமாக ஆடு அறுக்க வேண்டிவரும். எனவே ஆண்கள் சென்னையிலோ, விமானம் மாறும் ஊரிலோ குளித்து இஹ்ராம் துணியை உடுத்திக்கொள்ளுங்கள். துணி உடுத்துவதால் மட்டும் இஹ்ராம் ஆகிவிடாது. மீகாத் நெருங்கும்போது நிய்யத் வைத்துத் தல்பியா சொன்னால் போதும். முதலில் மதீனா செல்பவர்கள், மக்காவுக்குப் புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டலாம்.

வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். வடக்குத்திலிருந்து பண்ருட்டி, விக்கிரவாண்டி வழியாகச் சென்னை விமான நிலையம் சுமார் 180 கி.மீ.; காரில் நான்கு மணி நேரம். அங்கே சோதனைக்கும் காத்திருப்புக்கும் நான்கு மணி. பறப்பது ஆறு. ஜித்தாவில் பாஸ்போர்ட் சோதனை, பெட்டி எடுப்பது என்று இரண்டு. மக்காவுக்குப் பேருந்தில் இரண்டு. மொத்தம் 18 மணி நேரம்!

இவ்வளவு களைப்போடு உடனே தவாஃபுக்கும் ஸயீக்கும் ஓட வேண்டியதில்லை. இஹ்ராமுடைய கட்டுப்பாடுகளைப் பேணிக்கொண்டு, அறையில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து உம்ராவை நிறைவேற்றலாம். மார்க்கத்தில் அதற்குத் தடையில்லை. பெற்றோரை அழைத்துச் செல்லும் பிள்ளைகள் இதை மனதில் வையுங்கள். அல்லாஹ் உங்கள் பயணத்தை இலேசாக்கி, உம்ராவை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.