டவுனுக்குப் போனால் எதை வாங்கலாம்? சந்தை, பேக்கரி, ஹெல பொஜுன்



சம்பளம் கைக்கு வந்ததும் டவுனுக்குப் போவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். வாய்க்கு ருசியாக எதையாவது வாங்கிச் சாப்பிட வேண்டும் என்ற ஆசையும் கூடவே வரும். அதில் தப்பொன்றும் இல்லை. ஆறு நாள் மழையிலும் பனியிலும் கொழுந்தெடுத்த உடம்பு ஒருநாள் நல்லதைக் கேட்கத்தான் செய்யும். ஆனால் கொடுக்கிற காசுக்கு ருசியும் கிடைக்க வேண்டும், உடம்புக்குச் சத்தும் சேர வேண்டும். அதற்கு என்ன வழி என்று பார்ப்போம்.

மரக்கறிச் சந்தை

கரட், லீக்ஸ், பீட்ரூட், கோவா, உருளைக்கிழங்கு எல்லாம் நம் மலையிலேயே விளைகின்றன. 1840களின் கடைசியில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை வைத்தார். சீமைக் காய்கறிகள் இந்தக் குளிருக்கு நன்றாக வரும் என்பது அக்காலத்திலேயே தெரிந்துவிட்டது. இன்று நம்மில் பலர் லயத்துக்குப் பக்கத்தில் உள்ள துண்டு நிலத்திலும் இவற்றைப் போடுகிறோம்.

மலையில் பிடுங்கிய கோவா லொறி ஏறி, 1999இல் தொடங்கிய தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கோ கொழும்புக்கோ போகிறது. சாக்கில் திணித்து அடுக்குவதால் வழியிலேயே நிறைய நசுங்கி அழுகிப் போகிறது. அந்த நட்டமும் லொறிக் கூலியும் இடைத்தரகர் பங்கும் விலையில் ஏறுகின்றன. விளைகிற இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது நமக்குள்ள வசதி. தோட்டக்காரர் தானே கொண்டுவந்து விற்கிற இடமாகப் பார்த்து வாங்கினால் மரக்கறி புதுசாக இருக்கும், விலையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

பார்த்து வாங்க வேண்டியவை:

• கழுவிப் பளபளப்பாக வைத்த கரட்டை விட மண் ஒட்டிய கரட் அதிக நாள் தாங்கும்.
• கோவாவைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக, இறுக்கமாக இருந்தால் நல்லது.
• பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கு வேண்டாம். அதில் நச்சுப் பொருள் உண்டு, அவித்தாலும் அது போகாது.
• சந்தை கலைகிற நேரத்தில் விலை இறங்கும். "அக்கா, மிச்சத்தை எல்லாம் சேர்த்து என்னா வெலைக்குக் குடுப்பீங்க?" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் அன்றோ மறுநாளோ சமைத்து முடிக்கிற அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

பேக்கரி

நம் நாட்டில் கோதுமை விளைவதில்லை. பிறகு எப்படி ரொட்டியும் பாணும் நம் வீட்டுச் சாப்பாடாயின? 1942இல் பர்மா யுத்தத்தில் விழுந்தபோது அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டில் அரிசி குறைந்து மா வந்தது. 1980இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை திறந்த பிறகு மா எல்லா இடத்துக்கும் தாராளமாகப் போனது. ஆனாலும் கோதுமை கப்பலில்தான் வர வேண்டும். 2022இல் டொலர் இல்லாமலும் உக்ரைன் யுத்தத்தாலும் மா விலை ஏறியபோது பாண் விலை எப்படிப் போனது என்பது நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

பாண் வாங்கும்போது நிறையைக் கவனியுங்கள். 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் வந்த விதிப்படி முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் இருக்க வேண்டும். முழுப் பாணில் 13.5 கிராம், அரைப் பாணில் 9 கிராம் வரைதான் குறையலாம். சந்தேகம் வந்தால் கடைத் தராசில் போட்டுக் காட்டச் சொல்லலாம். அப்படிக் கேட்பது சண்டை அல்ல, காசு கொடுப்பவரின் உரிமை. தொடர்ந்து நிறை குறைந்தால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

பீத்தோவன் பாட்டைப் போட்டுக்கொண்டு ரோட்டில் வருகிற சூன் பாண் ஓட்டோவுக்கும் இதே கணக்குத்தான். புள்ளைங்க கிம்புலா பணிஸ் கேட்டால் எப்போதாவது வாங்கிக் கொடுங்கள், சந்தோஷமாகச் சாப்பிடட்டும். ஆனால் காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாகப் பணிஸும் சீனித் தேத்தண்ணியும் கொடுத்து ஸ்கூலுக்கு அனுப்பாதீர்கள். பாணோடு பருப்போ சம்பலோ ஒரு முட்டையோ சேர வேண்டும். பாணில் பூஞ்சணம் பிடித்தால் அந்த இடத்தை மட்டும் கிள்ளிவிட்டுச் சாப்பிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் அது பரவியிருக்கும்.

ஹெல பொஜுன்

"ஹெல பொஜுன்" என்றால் நாட்டுச் சாப்பாடு. விவசாயத் திணைக்களம் நடத்துகிற இந்தச் சாப்பாட்டுக் கடைகளைப் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையிலும் வேறு பல மாவட்டங்களிலும் காணலாம். கிராமத்துப் பெண்களே முன்னால் நின்று சமைத்துச் சுடச்சுட விற்கிறார்கள். கோதுமை மா சேர்ப்பதில்லை. குரக்கன் ரொட்டி, இலைக்கஞ்சி, உளுந்து வடை, எள்ளுருண்டை போன்றவை கிடைக்கும். ஊரில் விளைந்தது ஊர்ப் பெண் கையால் பக்குவமாகித் தட்டுக்கு வருகிறது. பெரிய ஹோட்டல்களில் "பண்ணையிலிருந்து நேராக மேசைக்கு" என்று நிறையக் காசு வாங்குகிறார்களே, அதே விஷயம்தான் இங்கே குறைந்த செலவில் நடக்கிறது. கண்டிப் பக்கம் ஆஸ்பத்திரிக்கோ சுற்றுலாவுக்கோ போனால் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

அங்கே ருசி பார்த்ததை நம் வீட்டிலும் செய்யலாம். 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராம் அளவு கல்சியம் உண்டு. ரொட்டிக்கு மாப் பிசையும்போது கால் பங்கு குரக்கன் மா சேர்த்தாலே பெரிய வித்தியாசம். வல்லாரை, முருங்கை, பொன்னாங்காணி நம் லயத்து ஓரத்திலேயே வளரும். அவற்றை நன்றாகக் கழுவி அரிசியோடு காய்ச்சினால் இலைக்கஞ்சி தயார்.

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம்

நம் பெண்களில் பலருக்கு இரத்தச் சோகை இருக்கிறது. மலை ஏறும்போது மூச்சு வாங்குவது, தலை சுற்றுவது, எப்போதும் அசதி ஆகியவை அதன் அடையாளங்கள். எவ்வளவு நல்ல கீரை வாங்கிச் சமைத்தாலும், சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வது வெகுவாகக் குறைந்துவிடும். தேயிலையில் உள்ள துவர்ப்புத்தான் காரணம். ஆகவே சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். கீரையில் தேசிக்காய் பிழிந்தால், அல்லது பிறகு ஒரு கொய்யாப்பழம் சாப்பிட்டால், இரும்புச் சத்து கூடுதலாகச் சேரும். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் தருகிற இரும்புச் சத்து வில்லையையும் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது.

நாம் பறிக்கிற கொழுந்து உலகம் முழுவதும் போகிறது. அதைக் குடிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சாப்பாடு செரித்த பிறகு ஆறுதலாக உட்கார்ந்து குடியுங்கள் என்றுதான் சொல்கிறோம். அடுத்த முறை டவுனுக்குப் போகும்போது பையில் ஒரு கட்டுக் கீரையும், அரைக் கிலோ குரக்கன் மாவும், இரண்டு தேசிக்காயும் சேரட்டும். மிச்சக் காசில் புள்ளைக்கு ஒரு பணிஸ் வாங்குங்கள்.