அதிகாரமில்லாத பொறுப்பு

நமது பட்டதாரி வாலிபர்களிடையே 'பிராடக்ட் மானேஜர்' என்ற உத்தியோகத்தின் மேல் மோகம் வருஷத்திற்கு வருஷம் பெருகி வருகிறது. ஒரு சாமானை, விசேஷமாக ஒரு சாப்ட்வேரை, யாருக்காகச் செய்வது, எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடுவது என்று நிர்ணயித்து, அது ஜனங்களுக்குப் பயன்படும் வரையில் அதற்கு ஜவாப்தாரியாக இருப்பவரே பிராடக்ட் மானேஜர். 'அந்தச் சாமானுக்கு அவரே தலைமை அதிகாரி' என்று ஒரு பேச்சு வழங்கி வருவதால், இதை ஓர் அதிகார பீடமென்று எண்ணிச் சில வாரப் பயிற்சிக்கும் ஒரு யோக்கியதாபத்திரத்திற்கும் பெருந்தொகை கட்டுவோர் பலர். அவ்வெண்ணம் தவறு என்பது நமது அபிப்பிராயம். பெரும்பாலான கம்பெனிகளில் இந்த உத்தியோகஸ்தருக்கு என்ஜினீயர்கள் மீதும் அதிகாரம் கிடையாது. விற்பனைக்காரர் மீதும் கிடையாது. பொறுப்பு மட்டும் பூராவாக உண்டு.

இவ்வுத்தியோகம் பிறந்த கதையைப் பார்த்தால் விஷயம் விளங்கும். அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்து பிராக்டர் அண்டு காம்பிள் கம்பெனியில், நீல் மக்கெல்ராய் என்ற 26 வயது வாலிபர் 'காமே' ஸோப்பின் விளம்பர வேலையைப் பார்த்து வந்தார். அதே கம்பெனியின் பழைய 'ஐவரி' ஸோப்பின் நிழலில் காமே வாடிக் கிடந்தது. 1931-ம் வருஷம் மே மாதம் 13-ந் தேதி அவர் மேலதிகாரிக்கு மூன்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். ஒவ்வொரு சரக்குக்கும் தனியே ஒரு பொறுப்பாளரும் அவருக்கு உதவியாளரும் வேண்டும் என்றார். பொறுப்பாளர் செய்ய வேண்டியது என்ன? எங்கே எத்தனை சரக்குப் போகிறதென்று கவனிக்க வேண்டும். நன்றாக விற்கும் இடத்தில் எந்த முயற்சி பலித்ததென்று கண்டு, அதற்கொப்பான பிற இடங்களிலும் கையாள வேண்டும். விற்காத இடத்திற்கு நேரில் போய்க் கடைக்காரரையும் வாங்குவோரையும் விசாரித்துக் குறையை அறிய வேண்டும். பின்பு பரிகாரத்திற்குத் திட்டம் போட்டு, பணம் கேட்டுப் பெற்று, பலனையும் பதிவு செய்ய வேண்டும். பிறர் எழுதிய விளம்பரத்தில் குற்றம் கண்டுபிடிப்பதோடு நில்லாமல் திட்டம் முழுவதற்கும் தாமே பொறுப்பேற்க வேண்டும். இதில் பெரும்பகுதி விசாரணையும் அலைச்சலுமே என்பதை நேயர்கள் கவனிப்பார்களாக. மக்கெல்ராய் 1948-ல் அக்கம்பெனியின் தலைவரானார்.

அதே ஸோப்புக் கம்பெனியில் பழகிய ஸ்காட் குக் என்பவர் மற்றொருவருடன் சேர்ந்து 1983-ல் 'இன்ட்யூட்' கம்பெனியை ஆரம்பித்தார். குடும்ப வரவு செலவு எழுதுவதற்கான 'குவிக்கன்' என்ற சாப்ட்வேரை விற்றார்கள். கம்பெனியார், வாங்கியவரின் சம்மதத்தோடு அவர் வீட்டுக்கே சென்று, பெட்டியைத் திறப்பது முதல் கணக்கு எழுதுவது வரை பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். வீட்டுக்கென்று செய்ததைப் பலர் தங்கள் சிறு வியாபாரத்திற்கு உபயோகித்து வந்தது காலக்கிரமத்தில் தெரிந்தது. கம்பெனி முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்பு விசாரித்ததில், அச்சிறு முதலாளிகள் கணக்கர்களுக்கென்று எழுதப்பட்ட சாப்ட்வேரின் பற்று வரவுப் பாஷையைக் கண்டு மிரண்டவர்கள் என்பது விளங்கிற்று. அவர்களுக்காக 1992-ல் 'குவிக்புக்ஸ்' வந்தது. வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இது விந்தையன்று. கட்சிக்காரர் கேட்பது ஒன்று, அவருக்கு வேண்டிய பரிகாரம் வேறொன்று. பாகப் பிரிவினை வழக்குப் போட வேண்டுமென்று வருபவருக்கு, பொறுமையாய்க் கேட்டால், கிணற்றுத் தண்ணீரில் முறை கிடைத்தாலே போதுமானதாயிருக்கும்.

மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை 2004-ல் கூகிள் கம்பெனியில் பிராடக்ட் மானேஜராகச் சேர்ந்தபோது அவர் கையில் வந்தது பெரிய காரியமல்ல. பிறர் செய்த பிரௌசரின் மேல் ஒட்டிக்கொள்ளும் 'டூல்பார்' என்ற சிறு பட்டை. அயலார் திண்ணையில் குடியிருப்பவனை வீட்டுக்காரன் எந்நேரமும் எழுப்பி விடலாமல்லவா? மைக்ரோசாப்ட் கம்பெனி தன் பிரௌசரில் தன் தேடும் சாதனத்தையே முன்வைத்தால் கூகிளின் வியாபாரம் என்னாவது? சொந்தப் பிரௌசர் வேண்டுமென்ற யோசனையைத் தலைமை அதிகாரி எரிக் ஷ்மிட் நெடுநாள் எதிர்த்தார். நேரில் செய்து காட்டப்பட்ட மாதிரியே அவர் மனத்தை மாற்றிற்று. 2008 செப்டம்பரில் வெளியான 'குரோம்' பலருடைய உழைப்பு. பிச்சை அதற்குப் பொறுப்பாளராய் நின்றார். 2015-ல் கூகிளின் தலைமை அவரிடம் வந்தது. டூல்பாருக்கும் அதற்குமிடையே 11 வருஷங்கள்.

சென்னையிலேயே ஓர் உதாரணமுண்டு. ஜோஹோ கம்பெனியில் இந்தப் பிரிவில் உயர் பதவி வகித்த கிரீஷ் மாத்ருபூதம், அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது வழியில் உடைந்துபோன டெலிவிஷனுக்கு நஷ்ட ஈடு கேட்டு மாதக்கணக்கில் அலைந்தார். பலர் பார்க்கும் இடத்தில் குறையை எழுதியதும் பணம் வந்து சேர்ந்தது. குறை கேட்கும் முறையே மாறிவிட்டதென்று அவர் கண்டுகொண்டார். 2010-ல் அவர் தொடங்கிய கம்பெனி, இப்போது பிரஷ்வொர்க்ஸ் எனப்படுவது, 2021-ல் அமெரிக்க நாஸ்டாக் சந்தையில் ஏறிற்று.

ஆனால் நமது வாலிபர்களில் எத்தனையோ பேர், அயல்நாட்டார் எழுதி அனுப்பும் விவரப்படி சாப்ட்வேர் செய்து கொடுக்கும் கம்பெனிகளில் இருக்கிறார்கள். வருஷக் கணக்கில் உழைத்தும், தாம் செய்ததை உபயோகிப்பவர் ஒருவரைக்கூடக் கண்ணால் கண்டிராதவர்கள் அவர்களில் அநேகர். எதைச் செய்வது என்ற நிர்ணயம் ஓரிடத்தில், செய்யும் கை மற்றோரிடத்தில். யந்திரமே சாப்ட்வேர் எழுதத் தொடங்கிவிட்ட இந்நாளில், கையின் கூலி எந்நாளும் இதே நிலையில் இருக்குமென்று நம்ப நமக்குத் தைரியமில்லை.

ஆகவே இவ்வுத்தியோகத்தை நாடுவோர் பயிற்சிக் கூடத்தைத் தேடுமுன், தம் கம்பெனியிலேயே வாடிக்கைக்காரரின் புகார் வந்து சேரும் மேஜை எதுவென்று தேடட்டும். அங்கே ஆறு மாதம் உட்கார இடம் கேட்கட்டும். ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்தால் அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் ஒரு பக்கத்தில் எழுதி என்ஜினீயர்களிடம் வாதிக்கட்டும். பட்டம் பெற்றவுடன் இவ்வேலைக்கே எடுத்துப் பழக்கும் ஏற்பாட்டைக் கூகிள் 2002-ல் தொடங்கிற்று. எனினும் அத்தகைய வாசல்கள் சிலவே. என்ஜினீயராகவோ, சோதிப்பவராகவோ, விற்பனைக்கு உதவுபவராகவோ இருந்து பக்கவழியாக வந்தவர்களே அதிகம்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ தம் சரக்கை உபயோகிப்பவரின் கடையில் இரண்டு நாள் இருந்து பார்த்து வருகிறேன் என்று ஒரு வாலிபர் கேட்டால், வழிச்செலவு கொடுத்து அவரை அனுப்ப வேண்டும். அவர் கொண்டு வரும் குறிப்பைத் தலைவர்கள் தாமே படிக்க வேண்டும்.