உங்களுக்குத் தெரியுமா? துக்கம் இதயத் தசையையும் தாக்கும்

● கம்பைநல்லூர்ப் பக்கம் சாவு வீட்டில் ஒரு பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தால், "அழுது களைச்சுப் போச்சு, ஒரு சோடா வாங்கியாங்க" என்பார்கள். அது வெறும் களைப்பாக இல்லாமலும் போகலாம்.

● கடும் அதிர்ச்சியில் இதயத் தசை திடீரெனச் சோர்ந்துவிடும் நோய் ஒன்று உண்டு. 1990-இல் ஜப்பானின் ஹிரோஷிமா மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். இடது கீழறையின் நுனி சுருங்காமல் உப்பி, ஆக்டோபஸ் பிடிக்கும் ஜாடி போலத் தெரியும். அதனால் 'டகோட்சுபோ' என்று பெயர்.

● அட்ரினலின் போன்ற சுரப்புகள் அளவு மீறுவதே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. மாரடைப்பு நோயாளிகளைவிட இவர்கள் ரத்தத்தில் அவை 2 முதல் 3 மடங்கு இருந்ததை 2005-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் கண்டனர்.

● 2015-இல் வெளியான ஆய்வில் 1,750 நோயாளிகள். 10-க்கு 9 பேர் பெண்கள். சராசரி வயது 67.

● துக்கம் மட்டுமல்ல, ஆஸ்துமா இழுப்பு, ஆபரேஷன், கடும் தொற்று ஆகியவையும் தூண்டும். கால்வாசிப் பேருக்கு மேல் காரணமே புலப்படவில்லை.

● மகிழ்ச்சியும் தூண்டும்! மன உணர்ச்சியால் பாதிக்கப்பட்ட 485 பேரில் 20 பேருக்குக் காரணம் மகிழ்ச்சியான நிகழ்வுதான்.

● நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் என எல்லாம் மாரடைப்பு போலவே இருக்கும். ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும்கூட அப்படியே காட்டலாம். ஆஞ்சியோவில் இந்த வலிக்குக் காரணமான அடைப்பு இருக்காது. எக்கோவில் உப்பல் தெரியும். வீட்டிலிருந்தபடி இரண்டையும் பிரித்தறிய முடியாது. உடனே 108-ஐ அழையுங்கள்.

● 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

● பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய பலத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் முதல் சில நாள்கள் ஆபத்தானவை: நுரையீரலில் நீர் கோக்கலாம், துடிப்பு தடுமாறலாம், ரத்தம் உறையலாம். மருத்துவமனையிலேயே 100-க்கு 4 பேர்வரை இறக்கிறார்கள்.

● தேறியபின் மறு எக்கோ அவசியம். மறுபடியும் வரக்கூடும் என்பதால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

● டாக்டரிடம் வலியை மட்டும் சொல்லாதீர்கள். முந்தைய நாள் வீட்டில் நடந்த சாவு, சண்டை, பயம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். நோயைக் கண்டுபிடிக்க அதுவும் ஒரு தடயம்.