ஆறில்லாத ஊரின் தோட்டம்

தஞ்சாவூரில் மாலையில் ரயில் ஏறினால் விடியற்காலையில் பெங்களூர். மகள் வீட்டுக்கு வருஷத்துக்கு ஒருமுறை அப்படித்தான் போய் வருகிறேன். 2024 மார்ச்சில் போனபோது மட்டும் மனசு சரியாக இல்லை. முந்தின வருஷம் ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தார்கள் என்று நம்பிக் குறுவை நெல் நட்டோம். பயிர் தண்ணீர் கேட்கிற நேரத்தில் காவிரி வறண்டது. குடமுருட்டிப் பாசனத்தில் இருக்கும் எங்கள் மூன்று ஏக்கர் ஆழ்குழாய்க் கிணற்றால் தப்பியது. கடைமடையில் நாத்தனார் வீட்டு வயல் கருகிவிட்டது. அந்த வயலின் வரப்பில் நின்று பார்த்தவள் நான். அந்தக் காவிரித் தண்ணீரைக் குடிக்கிற ஊருக்கே போகிறோமே என்ற நினைப்பு ரயிலில் தூங்கவிடவில்லை.

போய் இறங்கினால் அங்கேயும் தண்ணீர் இல்லை. ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, மகளின் அடுக்குமாடிக் குடியிருப்பில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். குடிநீரில் கார் கழுவினாலோ செடிக்கு ஊற்றினாலோ 5,000 ரூபாய் அபராதம் என்று லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஊருக்கே ‘தோட்ட நகரம்’ என்று பெயர். செடிக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்றால் தோட்டங்கள் என்ன ஆகும்? அதைப் பார்க்கத்தான் மறுநாள் காலை பேத்தியைக் கூட்டிக்கொண்டு லால்பாக் போனேன். மெட்ரோ ரயில் வாசலிலேயே இறக்கிவிடுகிறது.

முதலில் பாறைக்குப் போனோம். எங்கள் பக்கத்து ஆள் யார் போனாலும் அங்கேதான் முதலில் போக வேண்டும் என்று சொல்வேன். டெல்டாவில் எவ்வளவு தோண்டினாலும் வண்டல்தான். பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. இங்கே தோட்டத்துக்கு நடுவில், மேல்மண்ணே இல்லாமல், யானை முதுகு போல ஒரு பாறை எழுந்து நிற்கிறது. அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். உச்சியில் கெம்பேகவுடா பெயர் சொல்லும் சின்ன மண்டபம். 1537இல் இந்த ஊருக்குக் கோட்டை எடுத்தவர் அவர்.

அந்த உச்சியில் நின்றபோதுதான் ஒன்று புரிந்தது. கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல், ஒரு மேட்டின் முதுகில் இருக்கிறது இந்த ஊர். பெரிய ஆறு எதுவும் ஊருக்குள் ஓடவில்லை. பெய்கிற மழையைத் தடுத்து நிறுத்தினால்தான் தண்ணீர். அதனால்தான் கெம்பேகவுடாவும் பின்னால் வந்தவர்களும் ஏரி ஏரியாக வெட்டினார்கள். ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு வழியும். லால்பாக்கின் ஏரி வழிந்தால் கிழக்கே போய்த் தென்பெண்ணையில் சேரும். பக்கத்துப் பசவனகுடியில் உற்பத்தியாகும் விருஷபாவதியோ மேற்கே இறங்கி, அர்க்காவதியில் கலந்து, காவிரிக்கு வந்துவிடும். ஒரே மேட்டில் விழும் மழை, ஒரு பக்கம் கடலூருக்கு, ஒரு பக்கம் நமக்கு.

தோட்டத்தைத் தொடங்கியவர் ஹைதர் அலி, 1760இல். திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து விதைகளும் செடிகளும் வரவழைத்து அதை வளர்த்தார். இப்போது 240 ஏக்கர். கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டினார்கள். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி மலர்க்காட்சி அங்கேதான் நடக்கும். கூட்டம் நெரியும் என்பதால் நான் அந்த நாட்களில் போவதில்லை. எனக்குப் பிடித்தது மாசி, பங்குனி. இலையே இல்லாமல் மரம் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும் டபேபூயாவை அப்போதுதான் பார்க்க முடியும். கீழே உதிர்ந்த பூவில் கால் வைக்க மனசு வராது. ஒரு மரம் ஓயும்போது இன்னொன்று பூக்கும்படி இந்த ஊர்த் தெருக்களுக்கு மரம் தேர்ந்து வைத்தவர் கிரும்பிகல் என்ற ஜெர்மானியர். 1908இல் இங்கே பொறுப்புக்கு வந்தார். அவருக்கு முன்பு தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஜான் கேமரன் காலத்தில்தான் சௌசௌ இந்தப் பக்கம் பரவியது என்கிறார்கள். ‘பெங்களூர் கத்திரிக்காய்’ என்று சொல்லி நாம் கூட்டு வைக்கிறோமே, அதுதான். பெயரில் ஏன் பெங்களூர் என்று நாற்பது வருஷமாக எனக்குத் தெரியாது.

வெண்பஞ்சு இலவ மரம் ஒன்று அங்கே உண்டு. வேர் நிலத்துக்கு மேலே சுவர் சுவராகப் பிரிந்து, ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு ஆள் மறைந்துகொள்ளலாம். அதன் பக்கத்தில் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டே விட்டேன், “ஊருக்கே குடிக்கத் தண்ணியில்லையாமே, இது எந்தத் தண்ணி?”

அவர் தமிழிலேயே பதில் சொன்னார். கன்னடம் ஊடாடிய, கொஞ்சம் பழைய வாடை அடிக்கும் தமிழ். “காவேரி இல்லக்கா. சாக்கடைத் தண்ணிய சுத்தம் பண்ணி விடறாங்க. செடிக்கு அதான்.”

லால்பாக்கிலும் கப்பன் பூங்காவிலும் அதற்கென்று சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. என் நெஞ்சில் இருந்த கல் பாதி இறங்கியது. எந்த ஊர் என்று கேட்டார். தஞ்சாவூர் என்றதும், “அப்ப நெல்லுக்காரங்க” என்று சொல்லி, மண்ணை ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். செம்மண், நம் களிமண் போல ஒட்டவில்லை. அவர் திகளர் வகுப்பு. தோட்ட வேலையில் பேர் போன அந்த மக்கள் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். லால்பாக்கின் கதையை அவர்களை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. கன்னட சைத்ர மாதப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் கரகத் திருவிழாவும் அவர்களுடையது. சாமி, திரௌபதி. எங்கள் பக்கத்துக் கோயில்களில் தீ மிதிப்பதும் அதே திரௌபதி அம்மனுக்குத்தான்.

அந்தக் கரகத்தின் சடங்கு நடக்கும் சம்பங்கி ஏரி இன்று கண்டீரவா விளையாட்டரங்கம். பிறகு மகளோடு கப்பன் பூங்காவுக்குப் போகும் வழியில் அவள் அதைக் காட்டினாள். சடங்குக்கு மட்டும் ஒரு சின்னக் குளம் மிச்சம். மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இருக்கும் இடமும் ஒரு ஏரிதான், தர்மாம்புதி. 1870இல் அமைத்த கப்பன் பூங்காவில் மூங்கில் புதர் நிழல் சுகமாக இருந்தது. ஆனால் எனக்கு அந்த ஏரிகள்தான் மனசில் ஓடின. ஏரிகள் போன பிறகு, 1974 முதல் இந்த ஊர் காவிரியை இழுத்துக் குடிக்கிறது. தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு இறைக்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 காவிரித் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு உரிய அளவு 192இலிருந்து 177.25 டிஎம்சி ஆனது, குறைந்ததில் 4.75 டிஎம்சி பெங்களூரின் குடிநீருக்கு. பேத்தி அங்கே பிறந்தவள். அவள் குடிக்கிற டம்ளர் தண்ணீரை வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? மழையை வைத்திருந்த ஏரியைத் தூர்த்துவிட்டு ஆற்றைத் தேடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இதைச் சொல்லும்போது நம் ஊரையும் சொல்ல வேண்டும். கப்பன் பூங்காவுக்கு அடுத்த வருஷங்களில், 1871-72இல், தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்கா வந்தது. பெரிய கோயிலை ஒட்டிய அந்தப் பூங்காவின் குளத்துக்கு, செவ்வப்ப நாயக்கன் ஏரியில் சேரும் மழைத்தண்ணீர் நிலத்தடி வழியாக ஓடி வந்தது. அய்யன்குளத்துக்கும் அப்படியே. நாங்கள் சின்ன வயசில் அய்யன்குளத்தைத் தாண்டிப் போயிருக்கிறோம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அந்த நிலத்தடி வழி அடைபட்டு எத்தனையோ வருஷம் கிடந்தது.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், குடியிருப்பில் நாலைந்து வீட்டுக்காரர்களை மகள் அழைத்து வந்தாள். மொட்டை மாடி எவ்வளவு பெரிது, ஒரு மழைக்கு எவ்வளவு விழும், குழாய் எங்கே போகிறது என்று நான் கேட்டேன். தெருச் சாக்கடைக்குப் போகிறது என்றார்கள். வயலில் மடையைத் திறந்து மூடுகிறவள் என்பதால் அந்தப் பேச்சு எனக்குச் சுலபமாக வந்தது. இங்கே ஒரு தொட்டி, இங்கே மணலும் ஜல்லியும், வழிந்தது வற்றிய கிணற்றுக்கு என்று ஒரு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன்.

அந்த வருஷம் மேட்டூர் ஜூலை 28 அன்றுதான் திறந்தது. குறுவை இல்லை, சம்பாவுக்கு நாற்றங்கால் தயார் செய்தோம். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த அன்று, முதல் மண்வெட்டி போட்டு மடையை வெட்டிவிட்டு மகளுக்குப் போன் செய்தேன். அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அங்கே மழை கொட்டிக்கொண்டிருந்தது. “சத்தமாப் பேசும்மா,” என்றாள், “தொட்டிக்குள்ள தண்ணி விழற சத்தம்.”