தரிசாப்பள்ளி சொல்லும் சாட்சி

வேதத்தில் வரும் பிரஜாபதி இயேசுவேதான் என்று அடித்துச் சொல்லும் துண்டுப் பிரசுரங்கள் இன்றும் கைமாறுகின்றன. பவிஷ்ய புராணத்தில் ஈசா மசீகரைச் சாலிவாகனன் சந்தித்த கதையைச் சாட்சிக்கு இழுப்பவர்களும் உண்டு. அந்தக் கதை வரும் பிரதிசர்க்க பருவம் என்னும் பகுதியில்தான் ஆங்கிலேயர் ஆட்சியும் வருகிறது. பிறகு அதன் பழமையைப் பற்றி என்ன பேசுவது? இந்தியக் கிறிஸ்தவத்தின் தொன்மைக்கு இப்படிப்பட்ட முட்டுக்கொடுப்பே தேவையில்லை.

கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் போதும். கி.பி. 849, சேரமன்னன் தாணு இரவியின் 5-ஆம் ஆட்சியாண்டு. மருவான் சபீர் ஈசோ எழுப்பிய தேவாலயத்துக்கு வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள் நிலமும் வரிவிலக்கும் தருகிறார். எடை, அளவைக் கருவிகளைக் காக்கும் உரிமையையும் பள்ளியிடமே ஒப்படைக்கிறார். ஈழவர், வண்ணார் குடிகளையும் சேர்த்தே எழுதிக் கொடுத்திருக்கிறார். பெருமை பேசும்போது இதை விழுங்கிவிடக் கூடாது. எழுத்து வட்டெழுத்து, மொழியோ, கல்வெட்டுத் தமிழில் பழகியவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. சாட்சிக் கையெழுத்துகள் இருக்கும் ஏட்டைப் பார்க்க வேண்டும்: கூஃபி அரபியில் சில, பஹ்லவியில் சில, எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்தில் சில. ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்குக் கிடைத்த கொடைக்கு முஸ்லிம்களும் பார்சிகளும் யூதர்களும் சாட்சி நின்றிருக்கிறார்கள்!

அந்தக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழி சிரியாக். கல்யாணத்திலோ தாலி உண்டு. மின்னு என்னும் ஆலிலை வடிவத் தாலியில் பொன்மணிகளால் சிலுவை வைத்து, மந்திரகோடி என்னும் கல்யாணப் புடவையிலிருந்து உருவிய நூலில் கோத்துக் கட்டும் வழக்கம் கேரளச் சிரியன் குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. அதற்கு அவர்கள் எந்தச் சுலோகத்தையும் துணைக்கு அழைக்கவில்லை.

சுவிசேஷத்தையும் வேதத்தையும் முடிச்சுப் போடும் வேலையை மும்முரமாகச் செய்தவர்கள் பின்னால் வந்த ஐரோப்பியப் பாதிரிமார்கள். 1606-இல் மதுரை வந்த ராபர்ட் டி நொபிலி காவி உடுத்தி, சமஸ்கிருதம் கற்று, தொலைந்துபோன வேதத்தைக் கொண்டுவந்திருப்பதாகப் போதித்தார். 18-ஆம் நூற்றாண்டில் 'எசூர்வேதம்' என்ற பிரெஞ்சு நூல் பழைய இந்து நூலாக உலவியது. வால்டேரே அதை நம்பி 1760 வாக்கில் பிரெஞ்சு அரச நூலகத்துக்குக் கொடுத்தார். அது பாதிரியார் ஒருவரின் கைவரிசை என்று 1782-இல் பிரெஞ்சுப் பயணி சொன்னரா எழுதினார்.

மலபார்க் கிறிஸ்தவர்கள் இந்து அயலாரோடு எந்த மனநிலையில் வாழ்ந்தார்கள் என்பதற்குப் போர்ச்சுகீசியர்களே சாட்சி விட்டுச் சென்றிருக்கிறார்கள். 1599-இல் பேராயர் மெனசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய சங்கம் தடைசெய்த நம்பிக்கைகளில் இதுவும் ஒன்று: அவரவர் மார்க்கத்திலேயே அவரவருக்கு முக்தி உண்டு.