கொங்குநாட்டு இலக்கியத்தில் குற்றமும் முறையும்

திருப்பூரிலிருந்து அவிநாசிக்குச் செல்லும் பெருவழியில் அனுப்பர்பாளையம் உள்ளது. பித்தளை, செம்பு, எவர்சில்வர்ப் பாத்திரப் பட்டறைகளால் பெயர்பெற்ற ஊர். இன்று திருப்பூர் மாநகராட்சியின் ஒரு பகுதி. பின்னலாடைத் தொழிற்கூடங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. அவ்வழியே சிறிது தொலைவு மேற்சென்றால், கொங்குநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் ஏழனுள் ஒன்றாகிய திருமுருகன்பூண்டியை அடைகின்றோம். குற்றமும் வன்முறையும் நீதியும் தமிழ் எழுத்தில் எவ்வாறு ஆராயப்பட்டுள்ளன என்பதைக் காணப் புகும் நாம், இவ்விரண்டு ஊர்களையும் இணைக்கும் இச்சாலையிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். ஏனெனில் ஒரு வழிப்பறியைப் பாடுபொருளாகக் கொண்ட பதிகம் பிறந்த இடம் இதுவே.

சேரமான் பெருமாளிடம் பெரும்பொருள் பெற்றுத் திரும்பிய சுந்தரர், இங்கு வேடுவரால் கொள்ளையிடப்பட்டார் என்பது வரலாறு. அந்நிகழ்ச்சி பற்றியது ஏழாம் திருமுறையின் 49ஆம் பதிகம். வளைந்த வில்லேந்தியவர் வருவோரை அச்சுறுத்தி, அடித்து, உடுத்த ஆடையையும் பறிக்கும் காட்சி அதில் ஒளிவு மறைவின்றி வருகின்றது. ஆயினும் பாடலின் சினம் வேடுவர்மேற் பாயவில்லை. இத்தகைய ஊரில் நீர் எதன்பொருட்டு அமர்ந்திருக்கின்றீர் என்று கோயில் கொண்டிருக்கும் இறைவனையே அது மீண்டும் மீண்டும் வினவுகின்றது. காவலுக்கு உரியவன் கண்ணெதிரே களவு நடப்பின், விடை கூறவேண்டியவன் யார் என்பதே வினாவின் உட்பொருள்.

சேக்கிழார் இதற்கு ஒரு விளக்கம் தருகின்றார். பறித்தவர் வேடுவர் அல்லர். இறைவன் ஆணையால் வேட்டுவ வடிவில் வந்த பூதகணங்களே என்பது அவர் கூற்று. பதிகத்திலோ பறித்தவர் வேடுவராகவே நிற்கின்றனர். புராணத்தின் விளக்கத்தை நாம் மறுக்க வேண்டுவதில்லை. எனினும், பாடலில் வழக்காக இருந்தது புராணத்தில் விளையாடலாக மாறியிருப்பதை இலக்கிய மாணவர் கருதாமற் போதல் கூடாது. குற்றத்தைக் கூறும் எழுத்துக்கும் குற்றத்திற்கு அமைதி கூறும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேயே தொடங்கிவிடுகின்றது.

இவ்வினாவைச் சுந்தரருக்கு முன்னரே எழுப்பியவள் கண்ணகி. அவள் பொற்கொல்லனைத் தேடிச் செல்லவில்லை. அரசனைத் தேடிச் சென்றாள். பொய்யுரைத்தவன் ஒருவன், ஆராயாது ஆணையிட்டவன் மற்றொருவன் எனின், அவள் வழக்கு பின்னவன் மேலதே. சிலம்பின் உள்ளிருந்த பரல் மாணிக்கமா முத்தா என்னும் சான்று ஒன்றே அவ்வழக்கை முடித்தது. தண்டனையைத் தானே ஏற்றுப் பாண்டியன் வீழ்ந்தான். இவ்வளவும் பள்ளி மாணவரும் அறிந்தது. ஆயின் இதன் பின்னிகழ்ச்சி அத்துணை பேசப்படுவதில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியைச் சாந்தி செய்யும் பொருட்டுப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று உரைபெறு கட்டுரை கூறுகின்றது. அதனை அடுத்தே கொங்கிளங்கோசரும் தம் நாட்டில் விழவெடுத்துச் சாந்தி செய்தனர் என்னும் செய்தி வருகின்றது. ஒருவன் செய்த பிழைக்கு அவன் தொழிலைச் சார்ந்த ஆயிரவர் மாண்டனர். ஆராயாது கொன்ற குற்றத்திற்குக் கழுவாய், ஆராயாது ஆயிரவரைக் கொல்வதா? இவ்வினாவை இளங்கோவடிகள் வெளிப்பட எழுப்பவில்லை. கொங்குநாட்டு நிரம்பையரான அடியார்க்கு நல்லார் உரைகண்ட நூல் இது என்பதையும், உலோகத்தைத் தட்டிப் பிழைப்போர் நிறைந்த ஊரொன்றன் அருகில் நின்று நாம் இதனை எண்ணுகின்றோம் என்பதையும் இடையே குறிப்பிடத் தோன்றுகின்றது.

இனி உரைநடைக்கு வருவோம். தாராபுரத்தை அடுத்த கீரனூரில் 1917இல் பிறந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வெளிவந்தது. கு. ப. ராஜகோபாலன் முன்னுரை பெற்றது. கொங்குப் பேச்சுமொழியை நாவலுக்குள் உரிமையோடு கொண்டுவந்தது. வட்டார நாவலின் முன்னோடி எனத் திறனாய்வாளர் போற்றுவது. அதனை மொழி நோக்கில் ஆராய்ந்தோர் பலர். நாம் ஈண்டு அதனை ஒரு கொலையின் வரலாறாகப் படிக்க விரும்புகின்றோம்.

நாகம்மாள் கணவனை இழந்தவள்; முத்தாயி என்னும் சிறுமகளுக்குத் தாய். கொழுந்தன் சின்னப்பனும் அவன் மனைவி ராமாயியும் கொடியவர் அல்லர். நிலத்தை விற்றுவிட்டு வேற்றூர் செல்லும் பேச்சு எழும்போது, தன் நிலையும் தன் மகள் நிலையும் யாதாகும் என்னும் அச்சம் அவளைப் பற்றுகின்றது. பங்கு கேட்கின்றாள். ஊர்ப் பெரிய மனிதரின் பழம்பகையும் கெட்டியப்பனின் முரட்டுத்தனமும் அக்கோரிக்கையைத் தம் கருவியாக்கிக்கொள்கின்றன. முடிவில் சின்னப்பன் கெட்டியப்பனால் கொலையுண்கின்றான். கதை அவ்விடத்தே நின்றுவிடுகின்றது. காவல் நிலையம் இல்லை, வழக்கு மன்றம் இல்லை, தீர்ப்பும் இல்லை.

கொன்றவன் யார் என்பதில் ஐயமில்லாத இந்நூலில், கொலைக்குக் காரணம் யாது என்பதே வினா. பெரும்பாலான திறனாய்வுகள் நாகம்மாளின் பிடிவாதத்தையும், கெட்டியப்பனோடு அவள் கொண்ட தொடர்பையும் சுட்டி அமைகின்றன. இது போதாது என்பது எம் கருத்து. அக்காலச் சட்டத்தை நோக்குக. இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டம் 1937இல் இயற்றப்பட்டது. கணவனை இழந்தவளுக்குக் கணவன் பங்கில் வாழ்நாள் உரிமையை அது அளித்தது. ஆனால் வேளாண் நிலத்திற்கு அச்சட்டம் செல்லாது எனக் கூட்டாட்சி நீதிமன்றம் 1941இல் கருத்துரைத்தது. வேளாண் நிலம் மாகாணச் சட்டமன்றத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டது என்பதே காரணம். சென்னை மாகாணம் அவ்வுரிமையை நிலத்திற்கும் நீட்டியது 1947இல் தான். வாழ்நாள் உரிமை முழுவுரிமையானது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தால். ஆகவே நாவல் வெளிவந்த ஆண்டில், நகரத்துக் கைம்பெண் ஒருத்தி தன் கணவனின் வீட்டில் பங்கு கேட்டிருந்தால் சட்டம் அவள் பக்கம் நின்றிருக்கும். காட்டையும் தோட்டத்தையும் நம்பிய நாகம்மாளுக்கு அது துணை நிற்கவில்லை. முறை கேட்க மன்றம் இல்லாதவள், தடியெடுத்தவனை நாடினாள். ஆசிரியர் சட்டத்தைப் பற்றி வாதிடவில்லை. அதனை அறிந்து எழுதினார் என்று நாம் கூறவும் இல்லை. ஆனால் சட்டம் இல்லாத இடத்தில் வன்முறை எவ்வாறு வந்து அமர்கின்றது என்பதை, அவ்விடத்தில் வாழும் மக்களின் சொற்களாலேயே காட்டிவிட்டார். சின்னப்பன் மேல் நமக்கு எழும் இரக்கமும் நாகம்மாளிடம் நமக்குள்ள பரிவும் ஒன்றையொன்று அழிக்காமல் நிற்பது நூலின் வெற்றி.

நாகம்மாளின் கொலைக்குக் கையொன்று உண்டு. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' (1998) கூறும் வன்முறைக்கு அத்தகைய கை இல்லை. திருப்பூரின் சாயப்பட்டறைக் கழிவால் நொய்யலும் நிலத்தடி நீரும் கெட்டு, மனிதர் வாழ்வு சிதைவதை அந்நாவல் பேசுகின்றது. இங்குக் குற்றவாளி யார்? சாயம் தோய்ப்பவன் கூலிக்கு உழைப்பவன்; முதலாளி ஏற்றுமதி ஆணையைக் காட்டுவான்; வாங்கும் அயல்நாட்டான் நொய்யலைக் கண்டதே இல்லை. வெட்டிய கத்தி இல்லாத இவ்வழக்கைக் கதையாக்குவது அரிது. எழுத்தாளருக்கு இருந்த இவ்விடர்ப்பாடு நீதிமன்றத்திற்கும் இருந்தது. பாசனத்திற்கென நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர்த் தேக்கமாயிற்று. உழவர் வழக்குத் தொடுத்தனர். மாசுபடுத்தியவனே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை 1996இல் வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் ஏற்ற உச்ச நீதிமன்றம், அந்நெறியை 2009இல் திருப்பூருக்கும் உறுதிசெய்தது. கழிவுநீர் சிறிதும் வெளியேறாத நிலை எய்தாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நாவல் வெளிவந்து பதின்மூன்று ஆண்டுகள் சென்றிருந்தன. நாவலால் தீர்ப்பு வந்தது என்று கூறுவோமாயின் அது மிகை. குற்றம் என்று ஒருவரும் பெயரிடாத ஒன்றைக் குற்றம் என்று நாவல் முன்னரே அழைத்தது, அவ்வளவே.

பெருமாள்முருகனின் 'பூக்குழி' (2013) மற்றொரு வகையது. சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன், வேறு சாதிப் பெண்ணாகிய சரோஜாவை மணந்து தன் ஊருக்கு அழைத்து வருகின்றான். சாதியின் பெயர் எதனையும் ஆசிரியர் கூறுவதில்லை. அதனால் வாசகர் எவரும் இஃது அவர்கள் செய்வது என ஒதுங்க இயலாமற் போகின்றது. தாயின் ஒப்பாரி, உறவினர் ஏச்சு, ஊர்விலக்கு எனச் சிறிது சிறிதாகக் கூடி, இறுதியில் அவள் ஒளிந்திருக்கும் புதர் தீயாற் சூழப்படுகின்றது. அத்தீயில் ஊரே பங்கு கொள்கின்றது. நூல் வந்து மூன்றாண்டு கழியுமுன், 2016 மார்ச் 13 அன்று, இதே திருப்பூர் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில் சாதி மறுத்து மணந்த இளைஞர் ஒருவர் பட்டப்பகலில் பேருந்து நிலையத்தருகே வெட்டிக் கொல்லப்பட்டார். திருப்பூர் நீதிமன்றம் 2017 திசம்பரில் அறுவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் 2020 சூனில் அவருள் ஒருவரை விடுவித்து, ஏனை ஐவர் தண்டனையை ஆயுட்சிறையாகக் குறைத்தது. நீதிமன்றம் சான்று உள்ளவரையே தண்டிக்க இயலும். அஃது அதன் கடமையும் ஆகும். ஒப்பாரிக்கும் ஏச்சுக்கும் தண்டனைச் சட்டத்தில் பிரிவு இல்லை. அவ்விடத்தை நாவல் எடுத்துக்கொள்கின்றது.

அவ்வாசிரியரே 'மாதொருபாகன்' பற்றிய எதிர்ப்பால் 2015இல் எழுத்தைத் துறப்பதாக அறிவிக்க நேர்ந்ததும், 2016 சூலை 5 அன்று உயர் நீதிமன்றம் அவருடைய எழுத்துரிமையை நிலைநாட்டியதும் யாவரும் அறிந்தவை. குற்றத்தை எழுதுபவன் குற்றஞ்சாட்டப்பட்டவனாக நிற்கும் நிலை அது.

இவ்வரிசையில் கோவையைச் சேர்ந்த மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' (2006) தனித்து நிற்கின்றது. ஆட்டோ ஓட்டுநரான அவர், 1983இல் ஆந்திரத்துக் குண்டூரில் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு காவலரால் வதைக்கப்பட்ட தம் பட்டறிவை எழுதினார். 2015இல் அது 'விசாரணை' என்னும் திரைப்படமாயிற்று. இதன் நடையில் அணி இல்லை. அடி விழுந்த நாளும் உணவு மறுத்த நாளும் கணக்குப்போல் வருகின்றன. இலக்கிய நயம் குறைவு என்று இதனை ஒதுக்குவாரும் உளர். வழிப்பறிக்கு ஆளானவனே பாடிய பூண்டிப் பதிகத்தோடு இதனை வைத்துப் படிப்பாராயின் அவர் அவ்வாறு கூறார். இரண்டிலும் பேசுபவன் அடிபட்டவன். இரண்டிலும் வினவப்படுபவன் காவலுக்கு உரியவன். வேறுபாடும் உண்டு. சுந்தரர் இழந்த பொருள் கோயில் வாயிலில் வந்து குவிந்தது என்று புராணம் கூறுகின்றது. பதிகமோ அதனைக் கூறவில்லை, வினாவோடு நிற்கின்றது.